வணிகக் கட்டட ஃபண்டில் போட்ட பணம் எப்போது வெளியே வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்கள், கடைத்தொகுதிகள், கிடங்குகள் இவற்றை வாங்கி வாடகைக்கு விடும் ஃபண்டுகளிலிருந்து சில வருஷங்களுக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு வரும்: "முதலீட்டாளர்கள் பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது." அந்த வரியைப் படித்தவுடன் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அப்போது எழும் கேள்விகளையும், பணம் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த ஃபண்டு எப்படி வேலை செய்கிறது?

பலரும் போடும் பணத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டடங்களை வாங்குகிறார்கள். வரும் வாடகையில் செலவு போக மிச்சம் நமக்கு வருகிறது. ஃபண்டில் நமக்குள்ள பங்கை யூனிட் கணக்கில் எண்ணுவார்கள்; கட்டட விலை ஏறினால் யூனிட் விலையும் ஏறும். இதில் இரண்டு வகை உண்டு. திறந்தநிலை ஃபண்டில் நாம் வெளியேற வேண்டுமானால் ஃபண்டே நம் யூனிட்டை வாங்கிக்கொண்டு பணம் தர வேண்டும். மூடியநிலை ஃபண்டிலும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரீட்டிலும் (REIT, கட்டடங்களை வைத்து வாடகை ஈட்டும் நிறுவனம்) நாம் இன்னொரு முதலீட்டாளரிடம் விற்றுவிட்டு வருகிறோம். ஃபண்டின் பெட்டியை யாரும் திறக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் பேசும் தொல்லைகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை.

பணம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால் பணம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. கட்டடம் அங்கேயே நிற்கிறது, வாடகையும் வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டவுடன் காசாக்கித் தர முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த மாதம் பணம் வேண்டும் என்று இருப்பவருக்கு, எடுக்க முடியாத பணமும் இல்லாத பணமும் ஒன்றுதான். போடும்போது "எந்த நாளும் எடுக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஒரு கட்டடத்தை விற்க அப்படி என்ன காலம் பிடிக்கிறது?

ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வாடகைதாரர்கள். முதலில் தரகு நிறுவனத்தை அமர்த்தி விற்பனைக் குறிப்பு தயாரிக்க வேண்டும். பார்க்க வருபவர்கள் வருவார்கள், விலை கேட்பார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து விலை பேசி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். வாங்குபவரின் வக்கீல் குத்தகைப் பத்திரங்களைப் பக்கம் பக்கமாகப் படிப்பார். இரண்டாம் மாடி வாடகைதாரர் அடுத்த வருஷமே காலி செய்துகொள்ளலாம் என்று ஒரு ஷரத்து கண்ணில் படும். பொறியாளர் மொட்டைமாடிக்கு ஏறி நீர்க்கசிவைப் படம் எடுப்பார். லிஃப்ட்டை மாற்ற வேண்டும் என்று அறிக்கை வரும். விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அப்புறம் வாங்குபவரின் வங்கி தன் சொந்த மதிப்பீட்டாளரை அனுப்பும். கடைசியில் வரி, பதிவு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். சந்தை பயந்து கிடக்கும் நேரத்தில் முதல் படியிலேயே, அதாவது வாங்க ஆள் கிடைக்காமலேயே, நின்றுவிடும்.

இன்னொன்று: ஒரு மாடியை மட்டும் பிய்த்து விற்க முடியாது. பங்கு ஃபண்டில் ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பணம் தருவார்கள். இங்கே விற்றால் முழுக் கட்டடம்தான்.

கையில் ரொக்கம் வைத்திருப்பார்களே?

வைத்திருப்பார்கள். பொதுவாக நூற்றில் பத்து முதல் இருபது வரை. சாதாரண நாட்களுக்கு அது தாராளம். ஆனால் ரொக்கம் அதிகமானால் வருமானம் குறையும், முதலீட்டாளர் முணுமுணுப்பார். குறைவாக வைத்தால் நெருக்கடியில் ஒரு வாரம்கூடத் தாங்காது. சரியான அளவு என்று ஒன்று கிடையாது.

எல்லோரும் ஏன் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள்? பொறுமையாக இருந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் முன்னால் போகிறவருக்கு லாபம் கிடைக்கும்படிதான் இந்த ஏற்பாடே அமைந்திருக்கிறது. இதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

ஒரு ஃபண்டில் 100 யூனிட். ஒவ்வொன்றின் அறிவித்த விலை 100. மொத்தம் 10,000. அதில் 1,500 ரொக்கம், 8,500 கட்டடம். திடீரென்று ஏதோ கெட்ட செய்தி வருகிறது. கட்டடங்களை இன்று விற்றால் பத்து சதவீதம் குறைவாகத்தான் போகும், அதாவது 7,650. ஆனால் மதிப்பீட்டாளர் இன்னும் கணக்கை மாற்றவில்லை, பழைய விலையே ஓடுகிறது. உண்மையில் ஒரு யூனிட் பெறுமானம் 91 ரூபாய் 50 காசு.

விவரம் தெரிந்த 15 யூனிட்காரர்கள் உடனே வெளியேறுகிறார்கள். ஆளுக்கு 100 வீதம் 1,500 ரொக்கமும் காலி. மிச்சம் 85 யூனிட்டுக்கு 7,650 பெறுமானக் கட்டடம், ஆளுக்கு 90. வெளியே போனவர் தனக்கு உரியதைவிட 8 ரூபாய் 50 காசு கூடுதலாகக் கொண்டுபோனார். அது உள்ளே இருந்தவர்களின் பையிலிருந்து போனது. இப்போது பதினாறாவது ஆள் கேட்டால் கொடுக்க ரொக்கம் இல்லை, எதையாவது விற்க வேண்டும். சீக்கிரம் விலை போவது நல்ல கட்டடம்தான். அதை விற்றால், இருப்பவர்களுக்கு மிஞ்சுவது ஆள் இல்லாத கடைத்தொகுதியும் பழைய அலுவலகமும்.

இது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் கட்டடத்தின் மேல் நம்பிக்கை இருப்பவரும்கூட, மற்றவர் ஓடிவிடுவாரோ என்ற பயத்திலேயே ஓடுகிறார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்பாட்டில்தான் கோளாறு.

அப்படியானால் கதவை மூடுவது நல்லதா, கெட்டதா?

உள்ளே இருப்பவர்களுக்கு நல்லது, அவசரமாகப் பணம் தேவைப்படுபவருக்குக் கெட்டது. மேலே சொன்ன பதினைந்து பேர் வெளியேறும் முன் மூடினால் நியாயம். அவர்கள் போன பிறகு மூடினால், தாமதித்தவர் தலையில் சுமையைக் கட்டிவிட்டு மூடியதாகிறது. நிறுத்திவைத்தார்கள் என்பதைவிட எந்த நாளில் நிறுத்தினார்கள் என்பதையே நான் கவனித்துப் பார்ப்பேன்.

கட்டடத்தின் விலையை யார் சொல்கிறார்கள்?

தனி மதிப்பீட்டாளர். அண்மையில் விற்ற இதே மாதிரிக் கட்டடங்கள், வாடகை, குத்தகை மிச்சக் காலம், வாடகைதாரரின் தரம் இவற்றை வைத்துக் கணிக்கிறார். பங்கு விலை மாதிரி அதை வாங்குபவரும் விற்பவரும் நிமிஷத்துக்கு நிமிஷம் தீர்மானிப்பதில்லை. சந்தையில் விற்பனையே நடக்காதபோது ஒப்பிட எதுவும் இருக்காது. அப்போது நேர்மையான மதிப்பீட்டாளர் "இந்த மதிப்பில் கணிசமான நிச்சயமின்மை இருக்கிறது" என்று எழுதிக் கொடுப்பார். அது அலங்காரச் சொல் இல்லை. இந்த எண்ணை நம்பி யாருக்கும் பணம் கொடுக்காதே, யாரிடமும் வாங்காதே என்று அவர் சொல்கிறார்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பிரிட்டனில் நடந்தது அதுதான். மதிப்பீட்டாளர்கள் வரிசையாக இந்த வாக்கியத்தை எழுத, ஃபண்டுகளும் வரிசையாக மூடின. அங்கே 2020 செப்டம்பர் 30 முதல் ஒரு விதியும் நடைமுறைக்கு வந்தது: ஃபண்டின் சொத்துகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இப்படி நிச்சயமின்மைக்கு உள்ளானால், பொதுவாகப் பரிவர்த்தனையை நிறுத்த வேண்டும். நல்ல விதி. நிர்வாகியின் தயக்கத்துக்கு அது பெரிதாக இடம் வைப்பதில்லை.

2016-ல் பிரிட்டனில் என்னதான் நடந்தது?

ஜூன் 23-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது பற்றிய வாக்கெடுப்பு. லண்டன் அலுவலகங்களின் விலை என்ன ஆகுமோ என்ற பயம் உடனே பற்றிக்கொண்டது. ஜூலை 4-ல் ஸ்டாண்டர்ட் லைஃப் தன் சுமார் 290 கோடி பவுண்டு ஃபண்டை நிறுத்தியது. மறுநாள் அவிவாவும், 440 கோடி பவுண்டு எம் அண்ட் ஜி ஃபண்டும். அதற்கும் மறுநாள் ஹெண்டர்சன், கொலம்பியா திரெட்நீடில், கனடா லைஃப். மூன்றே நாட்கள்.

ஒன்று மூடியதும் அடுத்ததில் இருப்பவர்கள் "நம்முடையதும் மூடிவிடுவார்களோ" என்று விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பங்களே அடுத்ததை மூடவைத்தன. கட்டடங்களுக்கு அந்த மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. பெரும்பாலான ஃபண்டுகள் அந்த ஆண்டு முடிவதற்குள் திறந்துவிட்டன.

அதே 2016-ல் அபர்டீன் என்ற ஃபண்டு நிறுவனம் 17 சதவீதம் கழித்துக்கொண்டு பணம் தந்தது என்கிறார்களே, அது கொள்ளை இல்லையா?

முதலில் கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. யோசித்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன். அபர்டீன் கதவைச் சில நாட்களே மூடியது. "இன்றே வேண்டுமானால் 17 சதவீதம் குறைவாகத் தருகிறோம், ஏனென்றால் இன்றே விற்றால் எங்களுக்கும் அப்படித்தான் கிடைக்கும்" என்பதுதான் அதன் நிலை. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் அவகாசம் தந்தது. அந்தக் கோடையில் அது ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு கட்டடத்தை 12.4 கோடி பவுண்டுக்கு நார்வே நாட்டு அரசு நிதிக்கு விற்று ரொக்கம் சேர்த்தது.

வெளியேறுபவர் வெளியேறும் செலவைத் தானே ஏற்றுக்கொள்கிறார். மேலே சொன்ன கணக்கில் உள்ளே இருப்பவர் இழந்த பணம் இங்கே இழக்கப்படவில்லை. அவசரம் உள்ளவருக்கும் ஒரு வழி இருந்தது, விலை கொடுத்தாவது. முழுக்க மூடுவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அந்த 17 எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சாதாரண நாளிலேயே வித்தியாசம் இருக்கிறதே?

ஆமாம். கட்டடம் வாங்க முத்திரைத் தீர்வை, வக்கீல், தரகு எல்லாம் உண்டு. உள்ளே வருபவர்கள் அதிகமாக இருக்கும்போது அந்தச் செலவைச் சேர்த்த விலையும், வெளியேறுபவர்கள் அதிகமாகும்போது விற்கும் செலவைக் கழித்த விலையும் ஓடும். ஒரே இரவில் யூனிட் விலை ஐந்து சதவீதம் போல இறங்கினால், கட்டடம் விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம், இந்த மாற்றமாகவும் இருக்கலாம்.

நிறுத்திவைத்தால் எவ்வளவு காலம் நீளும்?

சில மாதங்களில் முடிந்ததும் உண்டு, ஒன்றரை வருஷம் போனதும் உண்டு. எம் அண்ட் ஜி-யின் அதே ஃபண்டு 2019 டிசம்பர் 4-ல் மறுபடி மூடியது. இந்த முறை கடைத்தொகுதிகளில் அதிகம் சிக்கியிருந்தது, விற்க முடியவில்லை. நடுவில் கொரோனாவும் வந்தது. 2021 மே மாதம்தான் திறந்தது. அப்போதும் வெளியேற்றம் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் ஃபண்டையே மூடிவிடப்போவதாக அறிவித்தார்கள். 2016-ல் 440 கோடி பவுண்டாக இருந்தது அப்போது 60 கோடிக்கும் கீழே. அவிவாவின் ஃபண்டும் 2021-ல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது.

மூடியிருக்கும்போது நிர்வாகக் கட்டணம் வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள். எம் அண்ட் ஜி 2019-ல் ஆண்டுக் கட்டணத்தில் 30 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. கட்டடத்தைப் பராமரிக்கவும் வாடகை வசூலிக்கவும் ஆள் வேண்டும், அதனால் முழுக்க இலவசமாகச் செய் என்று கேட்க மாட்டேன். ஆனால் எந்த நாளும் எடுக்கலாம் என்ற வசதிக்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கினார்கள். அந்த வசதி இல்லாத மாதங்களுக்குக் குறைத்துக்கொள்வதுதான் மரியாதை.

வாடகை வருமானம்?

பொதுவாகத் தொடர்ந்து வரும். அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள் என்கிறார்களே?

அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 2008 அக்டோபரில் அங்கே பல சொத்து ஃபண்டுகள் ஒரே சமயத்தில் மூடின. சிலது திறந்து மறுபடி மூடின. அதில் எஸ்இபி இம்மோஇன்வெஸ்ட் கதை மறக்க முடியாதது. சுமார் 600 கோடி யூரோ ஃபண்டு. 2010 மே மாதம் மூடியது. அன்றைய விதிப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் மூடி வைக்கக்கூடாது. அதனால் 2012 மே 7-ஐ முடிவு நாளாக வைத்து, "வெளியேற விரும்புபவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். கையில் உள்ள ரொக்கம் போதுமானால் எல்லோருக்கும் தந்து ஃபண்டைத் திறக்கிறோம். போதாவிட்டால் ஃபண்டைக் கலைக்கிறோம்" என்றார்கள். போதவில்லை. ஃபண்டு கலைந்தது. இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும் சேர்ந்தே கலைப்புக்குள் போனார்கள். கட்டடங்களை ஒவ்வொன்றாக விற்றுப் பணம் தவணை தவணையாக வந்தது, பல ஆண்டுகள். அதே மாதம் சிஎஸ் யூரோரியல் ஃபண்டும் இதே வழியில் கலைப்புக்குப் போனது.

2013 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. அதன்பின் வாங்கிய யூனிட்டுகளைக் குறைந்தது 24 மாதம் வைத்திருக்க வேண்டும். வெளியேற 12 மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும். தந்த அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது. கேட்க கடுமையாக இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. கட்டடம் விற்க எவ்வளவு காலம் பிடிக்குமோ அதை வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள், பிடிக்காதவர் உள்ளே வரவேண்டாம். சர்வதேச நிதி நிலைத்தன்மை வாரியமும் 2023 டிசம்பரில் இதே திசையில்தான் பரிந்துரைத்தது: விற்கக் கடினமான சொத்துகள் 30 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஃபண்டுகள் தினமும் பணம் எடுக்கும் வசதி தரக்கூடாது என்று.

அமெரிக்காவில் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் சொத்து ஃபண்டு பணம் தர மறுத்ததா?

மறுக்கவில்லை, அளந்து கொடுத்தது. பிரீட் என்று அழைக்கப்படும் அந்த ஃபண்டின் விதியிலேயே ஆரம்பத்திலிருந்து உச்சவரம்பு இருந்தது: மாதத்துக்கு நிகர மதிப்பில் 2 சதவீதம், காலாண்டுக்கு 5 சதவீதம். அப்போது அது சுமார் 6,900 கோடி டாலர் ஃபண்டு. 2022 நவம்பரில் கேட்டவர்களுக்குக் கேட்டதில் 43 சதவீதமே கிடைத்தது. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 400 கோடி டாலர் போட்டது, அதற்கு ஆறு வருஷத்துக்கு ஆண்டு 11.25 சதவீதம் குறைந்தபட்ச வருமானம் கிடைக்கும்படி பிளாக்ஸ்டோன் தன் சொந்தப் பங்கில் 100 கோடி டாலரை ஈடாக வைத்தது. சாதாரண முதலீட்டாளருக்கு அந்த உறுதி கிடையாது. இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது, அந்த ஈட்டைத் தந்தது ஃபண்டு இல்லை, பிளாக்ஸ்டோன்தான் என்றாலும். 2024 பிப்ரவரியில் கேட்ட எல்லோருக்கும் முழுத் தொகை கிடைத்தது.

ஸ்டார்வுட் நிறுவனத்தின் இதேபோன்ற ஃபண்டு எதிர்த்திசையில் போனது. 2024 மே மாதம் வரம்பை மாதத்துக்கு 0.33 சதவீதம், காலாண்டுக்கு 1 சதவீதம் என்று சுருக்கியது. அவசரத்துக்குக் கட்டடங்களை அடிமாட்டு விலைக்கு விற்க விரும்பவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 5 சதவீதம் என்று நம்பி வந்தவருக்கு அது ஒன்றாகிவிட்டது. வரம்பைப் படிக்கும்போது அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

விகிதப்படி பிரித்துத் தந்தால் எல்லோருக்கும் நியாயம்தானே?

ஓரளவு. ஆனால் அதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. எனக்குத் தேவை 10 லட்சம், போன மாதம் கேட்டதில் 43 சதவீதம்தான் தந்தார்கள் என்று வையுங்கள். இந்த மாதம் நான் 23 லட்சம் கேட்பேன். பக்கத்தில் இருப்பவரும் அப்படியே கேட்பார். வரிசை ஊதிப்போகும், கிடைக்கும் விகிதம் இன்னும் சுருங்கும், அதைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கேட்பார்கள். அதனால் "இத்தனை கோடி வெளியேறக் காத்திருக்கிறது" என்ற தலைப்புச் செய்தியில் ஒரு பகுதி வெறும் காற்று.

வட்டி ஏறினால் இந்த ஃபண்டுகள் ஏன் ஆடுகின்றன?

ஒரு கட்டடம் வருஷத்துக்கு 5 கோடி வாடகை தருகிறது. வாங்குபவர் 5 சதவீத வருமானம் போதும் என்றால் அதன் விலை 100 கோடி. வங்கி வைப்பிலும் அரசுப் பத்திரத்திலும் வட்டி ஏறிவிட்டது, இனி 6 சதவீதமாவது வேண்டும் என்று அவர் கேட்டால் விலை 83 கோடிச் சொச்சம். அதே கட்டடம், அதே வாடகைதாரர், அதே வாடகை. இதில் பாதி கடன் வாங்கி வாங்கியதாக இருந்தால், 50 கோடியாக இருந்த நம் பங்கு 33 கோடி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அமெரிக்க மைய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை ஏற்றியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் 2021 டிசம்பரில் 0.1 ஆக இருந்ததை 2023 ஆகஸ்டில் 5.25 ஆக்கியது. கூடவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வழக்கம் வந்து அலுவலகக் கட்டடங்களை இன்னொரு பக்கம் அடித்தது. கிடங்குகளுக்கு அந்த அடி இல்லை. "வணிகச் சொத்து" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லாமல்கூட வெளியேற்றம் வருமா?

வரும். 2022 செப்டம்பர் கடைசியில் பிரிட்டன் அரசுப் பத்திரங்கள் சரிந்தபோது ஓய்வூதிய நிதிகளுக்கு உடனடியாக ரொக்கம் தேவைப்பட்டது. எதை விற்க முடியுமோ அதை விற்றார்கள், சொத்து ஃபண்டிலும் கை வைத்தார்கள். பிளாக்ராக், ஷ்ரோடர்ஸ், கொலம்பியா திரெட்நீடில் ஆகியவை நிறுவன முதலீட்டாளர்களுக்கான சொத்து ஃபண்டுகளில் பணம் தருவதைத் தள்ளிப்போட்டன.

இன்னொரு காரணம் வெறும் கணக்கு. ஒரு நிதி தன் மொத்தத்தில் 10 சதவீதம்தான் கட்டடத்தில் வைக்கலாம் என்று விதி. பங்குகளும் பத்திரங்களும் விழுந்தால் மொத்தம் சுருங்குகிறது, கட்டடத்தின் மதிப்போ இன்னும் மாற்றப்படவில்லை. மொத்தத்தில் கட்டடத்தின் அளவு 12 சதவீதம் ஆகிவிடும். விதியைக் காப்பாற்ற விற்றாக வேண்டும். ஒரு செங்கல்கூட அசையவில்லை, ஆனால் வரிசை நீண்டுவிட்டது.

பட்டியலிட்ட ரீட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா?

பூட்டு இல்லை, அதற்குப் பதில் விலை ஆடும். கெட்ட செய்தி வந்த நாளிலேயே கட்டடங்களின் மதிப்பைவிட இருபது முப்பது சதவீதம் குறைவாகக்கூட விற்கும். வெளியேறலாம், ஆனால் சந்தை சொல்லும் விலையில். திறந்தநிலை ஃபண்டில் விலை அமைதியாக இருப்பதுபோலத் தெரிவது பாதிக்குப் பாதி மதிப்பீடு மெதுவாக மாறுவதால்தான். எனக்கு உடனே தெரியும் நஷ்டமே மேல். சிலருக்குத் தினமும் சிவப்பு எண்ணைப் பார்த்தால் தூக்கம் வராது, அவர்கள் மனசையும் நான் மதிக்கிறேன்.

மூடிய ஃபண்டு திறந்தவுடன் வெளியேறிவிடலாமா?

திறக்கும் நாளின் விலையைப் பாருங்கள். மூடியிருந்த காலத்தில் எந்தக் கட்டடங்களை விற்றார்கள், மதிப்பிட்ட விலைக்கு மேலா கீழா, இப்போது ரொக்கம் எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மதிப்பிட்ட விலைக்கு நெருக்கமாக நாலைந்து கட்டடம் விற்றிருந்தால் மிச்சத்தின் விலையையும் ஓரளவு நம்பலாம். சுருங்கிப்போன ஃபண்டில் கடைசி ஆளாக நிற்பது மட்டும் வேண்டாம். செலவு அதேதான், பங்கிட ஆள் குறைவு.

புதிதாகப் போடும் முன் எதைப் பார்ப்பது?

விளம்பரத்தில் வருமான எண் பெரிதாக இருக்கும், வெளியேறும் விதி பின்னால் எங்கோ இருக்கும். பின்னாலிருந்து படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, உச்சவரம்பு எவ்வளவு, நிர்வாகி தானாக மாற்றலாமா. பிறகு கடன் எவ்வளவு, அது எப்போது திருப்பிக் கட்ட வேண்டியது. பெரிய மூன்று வாடகைதாரர்கள் யார், குத்தகை எப்போது முடிகிறது. முதலீட்டாளர்களில் ஒருவரே பெரும்பங்கு வைத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். அவர் எழுந்தால் நாற்காலி சாயும்.

இரண்டு வருஷம் தொட வேண்டியிராத பணம்தான் இதற்கு உரியது. கல்யாணம், மருத்துவம், படிப்பு என்று தேதி குறித்த பணத்தை இங்கே வைக்காதீர்கள், தயவுசெய்து.

என் பணம் இப்போதே பூட்டிக் கிடக்கிறது. நாளைக் காலை என்ன செய்ய?

அறிவிப்பை எடுத்து, உங்கள் பழைய விண்ணப்பத்தின் கதி என்ன என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பிரீட் மாதிரி ஃபண்டில் ஒரு மாதம் நிறைவேறாத மிச்சம் அடுத்த மாதத்துக்குத் தானாகப் போகாது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் ஃபண்டில் ஒருமுறை அறிவித்தால் அந்த அறிவிப்பு அப்படியே நிலைக்கும், நீங்கள் மாற்ற நினைத்தாலும் முடியாது. முழுக்க நிறுத்திவைத்த ஃபண்டில் விண்ணப்பத்தை வாங்கி வைப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது ஃபண்டுக்கு ஃபண்டு மாறும். வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வரிசையிலேயே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்துவிடாதீர்கள். அந்த வரி கிடைக்கவில்லை என்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.